கம்ப்யூட்டருக்கு வெல்வெட் உறை

எங்கள் முதலாளி கம்ப்யூட்டருக்கு வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டிருந்தார். ஜரிகைக் கரை வேறு! எண்பதுகளின் கடைசியில், காரைக்காலில் அவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் வேலை பார்த்தேன். அந்த மெஷினை ஓட்டத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். ஆனால் வேலை நடக்கும்போதுகூட முன்பக்கம் மட்டும்தான் உறையைத் தூக்கலாம். "பின்னாடி கொதிக்குது சார், எடுத்துடலாமா?" என்று கேட்டால், "உள்ள தூசி போயிக் கெட்டா நீயா வேற வாங்கித் தருவே?" என்பார்.

ஒரு நாள் மதியம் குப்பென்று கருகல் வாடை. மெஷின் அணைந்துவிட்டது. அதே பிளக்கில் டேபிள் ஃபேனைச் செருகினேன், சுற்றியது. வேறு வயர் மாட்டிப் பார்த்தேன். மெஷினின் பின்பக்க விசிறி அசையவே இல்லை. "உள்ள இருக்கிற பவர் சப்ளை பெட்டி போயிடுச்சு சார். காத்தே இல்லாம வெந்துபோச்சு" என்றேன். கேட்டாரா மனுஷன்? நேரே நெடுங்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து என் அப்பாவிடம், "உங்க பொண்ணு கண்டதையும் அமுக்கி மெஷினைக் கெடுத்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலைக்குப் போய்க் கிழித்தது போதும், வீட்டில் இரு என்றுவிட்டார் அப்பா. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். எனக்கு வந்ததே ஆத்திரம்!

பாண்டிச்சேரியிலிருந்து மெக்கானிக் வருகிறார் என்று தெரிந்ததும், அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு காரைக்காலுக்கு பஸ் ஏறினேன். அவர் மெஷினைத் திறந்து பெட்டியை வெளியே எடுத்தார். அடுப்பில் விட்ட சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. "காத்து போற வழியை மூடி வெச்சா எப்படிங்க?" என்றார். முதலாளி உறையைச் சுருட்டினார். புதுப் பெட்டி மாட்டியதும் மெஷின் ஓடியது.

"அதான் சரியாயிடுச்சேம்மா, நாளைலேர்ந்து வந்துடு" என்று சிரிக்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கப்பாகிட்ட சொன்னது நீங்கதான சார்? நீங்களே வந்து மாத்திச் சொல்லுங்க" என்றேன்.

வந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். "ஒண்ணுமில்லீங்க, கரண்ட் கோளாறு" என்றார். வாய் கூசவில்லை பாருங்கள்.

"கரண்ட் இல்லப்பா. இவங்க போட்ட உறை. நான் சொல்லச் சொல்லக் கேக்கல."

அப்பா அவரைப் பார்த்து, "அப்படிங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் முதலாளி, பாதிக் குரலில்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "காலையில எத்தனை மணி பஸ்ஸுக்குப் போவணும்?"