ஆட்டுப்புழுக்கையும் பூதக்கண்ணாடியும்

நான் ஒருமுறை பூதக்கண்ணாடி வைத்து ஆட்டுப்புழுக்கையை ஆராய்ந்திருக்கிறேன். மறைவில் அல்ல. எங்கள் ஊரான நாரந்தனையில், பட்டப்பகலில், அயலவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து ஆராய்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்லித் தப்ப வழியில்லை.

துப்பறியும் நாவல்கள் என்னைக் கெடுத்திருந்தன. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் லண்டன் பனிமூட்டத்தில் கொலைகாரர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் தீவில் பனிமூட்டமும் இல்லை, கொலையும் குறைவு. அதனால் அயலில் ஒரு களவு நடந்தபோது என் மனம் முதலில் கவலைப்படவில்லை. உசாராகிவிட்டது.

களவு போனவை ஆடுகள். அவற்றுக்குச் சொந்தக்காரி, எங்கள் ஒழுங்கையில் தனியே இருந்த ஓர் அக்கா. சிறுவயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போய், இழுத்து நடப்பவர். அவருக்குச் சீதனம் என்று தகப்பன் ஒரு வீடு கட்டினார். மாப்பிள்ளை வரவில்லை, வீடு மட்டும் மிஞ்சியது. தாய் தகப்பன் போன பிறகும் அங்கேயே இருந்து, ஆடு வளர்த்து, பால் விற்று, ஒருவரிடமும் கைநீட்டாமல் சீவித்தார். கரம்பொனில் இருந்த தமையனார் "என்னோடை வந்து இரு" என்று வருடக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் பிள்ளைகள் அதிகம், குசினியில் சமைத்துப்போட ஓர் ஆள் தேவை. அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசைக்கு அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரம், யாரோ பின்வேலியைப் பிரித்து, கொட்டிலில் நின்ற ஆடுகள் அத்தனையையும் கொண்டுபோய்விட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் களவு போன வீட்டுக்கும் செத்தவீட்டுக்குப் போவதுபோல விசாரிக்கப் போகவேண்டும். போகாவிட்டால் நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று ஆகிவிடும். ஆகவே எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அக்கா நடந்ததை முதலிலிருந்து சொல்லி, தேத்தண்ணியும் கொடுத்தார். சீனிக்கு வரிசையில் நின்ற காலம் அது. கள்ளன் ஆடுகளோடு நிறுத்திக்கொண்டான். கூப்பன் சீனியை ஆறுதல் சொல்ல வந்தவர்கள் முடித்தார்கள்.

"பின்வேலியை இறுக்கி அடைச்சிருக்கலாமே பிள்ளை?"

"ஆம்பிளை இல்லாத வீடெண்டு தெரிஞ்சுதானே வந்திருக்கிறாங்கள்."

"கோயிலுக்குப் போகேக்கை பக்கத்து வீட்டிலை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டெல்லோ போறது."

பொழுதுபடுவதற்குள், அந்தக் களவைச் செய்தது அக்காதான் என்பதுபோல ஆகிவிட்டது.

நான் கண்ணாடியோடு போனது அடுத்த நாள் காலை. அக்கா கொட்டிலின் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு, நான் ஆராய்ச்சி முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். கண் சிவந்திருந்தது. வாசல் படலை காற்றில் அசைந்தபோது திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்தப் படலை நான் அறிந்த காலம் முழுக்க அசைந்துகொண்டுதான் இருந்தது.

"தம்பி, ஆடு போனது போகட்டும். இதைக் கேள்விப்பட்டால் அண்ணர் வருவார். இனித் தனிய இருக்கேலாதெண்டு கூட்டிக்கொண்டு போயிடுவார். எனக்கு அதுதான் பயம்."

"பயப்பிடாதேங்கோ அக்கா. நான் ஆட்டைக் கண்டுபிடிச்சுத் தாறன். பிறகு அவர் என்னெண்டு கூப்பிடுறது?"

அவர் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. துப்பறிகிறவன் கேள்வி கேட்கவேண்டும் அல்லவா? "குறி என்ன?" என்றேன்.

ஆடுகள் மேய்ச்சலில் கலந்துவிடும் என்பதால் அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காதுவெட்டு உண்டு. "இடக்காதிலை ரெட்டை வெட்டு" என்றார். எனக்கு அது போதும். சைக்கிளை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அல்லைப்பிட்டியில், பூசை முடிந்து சனம் வீடு திரும்பும் நேரம், தேவாலயத்துக்குக் கிட்ட ஒரு சின்ன வளவில் அந்தக் காதைக் கண்டேன். பூவரசில் கட்டியிருந்த தாயாடு. இடக்காதில் இரட்டை வெட்டு. அதனோடு நின்ற வெள்ளைக் குட்டிக்கும் அதே வெட்டு. கறுத்தக் குட்டியின் காதில் மட்டும் ஒன்றும் இல்லை. ஓர் உண்மையான துப்பறிவாளன் அந்த வெறுங்காதைப் பற்றி யோசித்திருப்பான். நானும் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

அந்த வளவில் இருந்தவர், தொழிலுக்குப் போன புருசனைக் கடல் திருப்பித் தராத ஒரு பெண். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"இது ஆரின்ர ஆடு?"

"நான் வளக்கிறன்."

"ஆரின்ர எண்டு கேட்டனான்."

"அது சொல்லேலாது தம்பி. சொல்லமாட்டனெண்டு மாதாவுக்கு முன்னாலை வாக்குக் குடுத்தனான்."

நான் படித்த நாவல்களில் இப்படிப் பேசியவர்கள் எல்லோரும் கடைசி அத்தியாயத்தில் விலங்கு பூட்டப்பட்டார்கள். திரும்பிப் போய் கிராம அலுவலரான விதானையாரையும், அதற்குள் கரம்பொனிலிருந்து வந்துவிட்ட தமையனாரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆடுகளை நாரந்தனைக்கு நடத்திக்கொண்டு போனோம். அந்தப் பெண்ணும் வெயிலில் வெறுங்காலோடு பின்னால் வரவேண்டியிருந்தது. வழியில் தேத்தண்ணிக்கடை வாசலில் நின்ற ஒருவர், "என்ன மாஸ்டர், கள்ளி அம்பிட்டிட்டாள் போலை" என்றார். நான் ஓம் என்று கையை உயர்த்திக் காட்டினேன். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

படலையடியில் எங்களைக் கண்டதும் அக்காவின் முகம் செத்துப்போனது. அவர் ஆட்டைப் பார்க்கவில்லை. காலை இழுத்து இழுத்து அந்தப் பெண்ணிடம் போய், கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தி, செம்பில் தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் விதானையாரிடம் சொன்னார்.

"இது களவாடின ஆடில்லை. நான் வாரத்துக்குக் குடுத்தது."

ஆடு ஒருத்தருடையது, வளர்ப்பது இன்னொருத்தர், குட்டிகளில் ஆளுக்குப் பாதி. அதுதான் வாரம். தீவில் விறகு பொறுக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்த விசயம். சரித்திர ஆசிரியருக்குத் தோன்றவில்லை.

"எனக்குச் சொல்லாமலோ?" என்றார் தமையனார்.

"சொல்லியிருந்தால் குட்டியளை விட்டிருப்பியளே அண்ணை?"

வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் தமையனார் வந்து நல்ல குட்டியாகப் பார்த்து அவிழ்த்துக்கொண்டு போவது ஒழுங்கை முழுக்கத் தெரியும். கேளாமல் எடுப்பவர் தமையனாக இருந்தால் எங்கள் ஊரில் அதற்குக் களவு என்று பெயர் வைப்பதில்லை. அவர் கண்ணில் படாமல் ஒரு தாயாட்டையாவது காப்பாற்றத்தான் அக்கா அதை அல்லைப்பிட்டிக்கு அனுப்பியிருந்தார். அது ஒன்று இருந்திருந்தால் கொட்டிலை மறுபடி நிரப்பியிருப்பார். வீட்டையும் விட்டிருக்கமாட்டார். கள்ளனுக்கு அகப்படாமல் மிஞ்சிய ஒரே தாயாட்டை நான்தான் தேடிப்பிடித்து உரிய இடத்தில் ஒப்படைத்தேன்.

"ஒரு ஆட்டைக்கூட வைச்சிருக்கத் தெரியேல்லை, இதிலை ஒளிப்பு மறைப்பு வேறை. வெளிக்கிடு" என்றார் தமையனார்.

"கறுத்தக் குட்டி என்ர பங்கு" என்றார் அந்தப் பெண், கதிரையிலிருந்து எழும்பி.

"அது பிறகு பாப்பம்."

விதானையார் தன் சைக்கிள் ரயரை அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுத்தக் குட்டியும் கரம்பொனுக்குத்தான் போனது. அக்காவும் போனார். படலைக்குப் பூட்டு வந்தது. ஆடுகளைக் கொண்டுபோனவன் யார் என்பது இன்றுவரை தெரியாது. அவனால் போனவை ஆடுகள் மட்டுமே என்று நினைக்கும்போது, அவனை ஏச எனக்கு வாய் வருவதில்லை.

கன வருடங்களுக்குப் பிறகு, தமையனாரின் மகள் கலியாணத்துக்குக் கரம்பொனுக்குப் போனேன். அக்கா பின்பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. நான் பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டு இருந்து, வருடக்கணக்காக மனதுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்த மன்னிப்பை ஒரு வரியும் விடாமல் சொன்னேன். அவர் துருவுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"அதை விடும் தம்பி," என்றார் கடைசியில். "உமக்கு ஒண்டு சொல்லவேணுமெண்டு கனநாளாய் நினைச்சனான். நீர் வந்த அண்டைக்கு விடியவே நான் கொட்டிலைக் கூட்டி எருக்கும்பியிலை கொட்டிட்டன். நீர் கண்ணாடி வைச்சுப் பாத்த புழுக்கை, பிரிச்ச வேலியாலை வந்த பக்கத்து வீட்டு ஆட்டின்ர."

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"நீர் நல்ல சந்தோசமாய்ப் பாத்துக்கொண்டிருந்தீர்."