ஏர் ஃபில்டர் அத்தான்

அக்கா செத்த நாலாம் நாள் அத்தான் கடைக்குப் போய்விட்டார். இதை யாரிடம் சொன்னாலும், "பாவம், மனசை வேறு பக்கம் திருப்பத்தான் போயிருப்பார்" என்றார்கள். மண்ணாங்கட்டி. எட்டரை மணியானால் கடைக்குப் போக வேண்டும், அதனால் போனார். குளித்தார், நீலச் சட்டையை மாட்டினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்து, "சின்னவளே, கதவைச் சாத்திக்கோ" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கார் உதிரிபாகக் கடையில் அவருக்கு வேலை. முப்பது வருஷத்துக்கு இரண்டு குறைவு. அங்கே ஆளுக்கொரு பகுதி. பிரேக் சாமான் விற்பவரை பிரேக் என்றும் பல்பு விற்பவரை பல்பு என்றும் கூப்பிடுவார்கள். அத்தானுக்கு வடிகட்டி என்று பெயர். ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர் எல்லாம் அவர் பொறுப்பு என்பது ஒரு காரணம். பேச்சையும் வடிகட்டிப் பத்து வார்த்தைக்கு ஒன்றைத்தான் வெளியே விடுவார் என்பது இன்னொன்று. பெண் பார்க்க வந்த அன்று இந்த மனிதர் பேசியது மொத்தம் இரண்டே சொல், "சரி", "தண்ணி". அப்போது எனக்குப் பதினாலு வயது. அன்றே அக்காவிடம் சொன்னேன், இவர் சரிப்பட மாட்டார் என்று. அவள் சிரித்தாள்.

ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் அவரை யாரும் அசைக்க முடியாது. அதையும் சொல்லிவிடுகிறேன், பொய் சொல்லக் கூடாது. காரின் பெயரைச் சொல்லி ஏர் ஃபில்டர் கேட்டால் எடுத்து நீட்ட மாட்டார். "பழசைக் கழட்டிக் கொண்டு வாங்க" என்பார். ஒரே கார், ஒரே வருஷம் என்றாலும் நடுவில் கம்பெனிக்காரன் பெட்டியின் அளவை மாற்றியிருப்பான். நாலு மில்லிமீட்டர் குறைந்தால் போதும், தூசு காகிதத்தில் நிற்காமல் ஓரமாகப் புகுந்து நேரே இன்ஜினுக்குள் போய்விடும். பழசையும் புதுசையும் மேஜைமேல் முகத்தோடு முகம் வைத்துப் பார்ப்பார். ரப்பர் விளிம்பைச் சுற்றிலும் கட்டைவிரலால் அமுக்குவார். எல்லாம் ஆன பிறகு ஒரு கேள்வி. "எந்த ரோட்டுல ஓட்டுறீங்க?"

ஒருநாள் நான் கடையில் இருந்தபோது ஒருவர் வந்தார். வழுக்கை, நல்ல படிப்பு, நிறைய அவசரம். கழுவிக் கழுவிப் போடும் துணி ஃபில்டர்தான் வேண்டும் என்றார். ஆயுளுக்கும் ஒன்று போதும் என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது.

"கழுவினா ஒரு நாள் பூரா காய வைக்கணும் சார். வைப்பீங்களா?"

"என் பொண்ணு தலை காய வைக்கிற மெஷின் இருக்கு."

"அப்புறம் எண்ணெய் தடவணும். கம்மியா தடவினா தூசு உள்ள போகும். ஜாஸ்தியா தடவினா எண்ணெய் போய் சென்சார்ல ஒட்டிக்கும், வண்டி இருமும்."

"அப்ப எதைத்தான் எடுக்கிறது?"

"வீடு, ஆபீஸ், வீடு. தார் ரோடு. உங்களுக்குக் காகிதமே போதும் சார். வருஷம் ஒருக்கா மாத்துங்க."

கல்லாவில் முதலாளி பல்லைக் கடித்தார். வடிகட்டி இருக்கிற வரை என் கடையில் உசந்த சரக்கு நகராது என்று அவர் புலம்பாத நாளில்லை. இருந்தாலும் அத்தானை அனுப்பவில்லை. அவரைத் தேடி ஊரின் மறு கோடியிலிருந்தெல்லாம் டாக்ஸிக்காரர்கள் வருகிறார்களே.

இப்படிப்பட்டவருடைய பெண்டாட்டியின் காருக்கு ஃபில்டர் மாற்ற ஆளில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அக்கா ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். விடியற்காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. ஒருநாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து வீடு. அதற்காகவே வாங்கிய சின்னக் கார். குழாய்களை ஒரு நீலப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுவாள். கை அத்தனை சுத்தம், எழுத்து அதைவிடச் சுத்தம். கார் வாங்கிய இரண்டாம் வருஷம் ஃபில்டரை மாற்றச் சொல்லி அத்தானிடம் கேட்டாள். "அடுத்த செவ்வாய்" என்றார். செவ்வாய் அவருக்கு வார விடுமுறை. அந்தச் செவ்வாய் தூங்கினார். அடுத்த செவ்வாய் தண்ணீர்க் குழாய் ரிப்பேர். அதற்கடுத்த செவ்வாய்க்கும் ஒரு காரணம் இருந்தது. நான்கு மாதம் போயிற்று.

அவள் சண்டை போடுகிற ரகம் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் வீட்டில் இருக்கும்போது, என்னைக் கூட்டிக்கொண்டு அவர் கடைக்கே போனாள். பழைய ஃபில்டரைக் கழற்றிப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். பிரேக்கிடம், "அண்ணே, அவருக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லிப் புதுசை வாங்கினாள். பழசை அங்கேயே போட்டுவிட்டோம். கடை வாசலிலேயே பானட்டைத் திறந்து, நாலு கிளிப்பை நீக்கி, அவளே மாட்டினாள். வரும் வழியில் பழச்சாறு குடித்தோம். "அவரோட கடையிலயே வாங்கி அவருக்கே டேக்கா குடுத்தாச்சு" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதற்கப்புறம் வருஷா வருஷம் இதுவே வழக்கமாகிவிட்டது. ஐந்து வருஷம், ஐந்து செவ்வாய்க்கிழமை. கடைசியாக மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, ஒரு காலையில் நாலாவது வீட்டு மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தேழு வயது.

காரை யாரோ கொண்டுவந்து குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இரண்டு தூணுக்கு நடுவில் நிறுத்தினார்கள். அத்தான் அதற்கு உறை போட்டு மூடினார். பதினோரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்தப் பதினோரு மாதத்தை எப்படிச் சொல்வது? அடுத்த தெருவிலிருந்து தினமும் வந்து நான்தான் சமைத்துப் போட்டேன். தட்டில் என்ன வைத்தாலும் சாப்பிட்டார். ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன், அதையும் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். டிவி ஓடினால் பார்த்தார், நிறுத்தினால் நிறுத்தின டிவியைப் பார்த்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல்லுளிமங்கன் என்று வாய்விட்டே சொன்னேன். காதில் விழுந்திருக்கும், திரும்பவில்லை. ஒரே ஒரு தடவை, சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தானாகச் சொன்னார். "அழுகை வரும்னு பாத்தேன் சின்னவளே. வரல. ஒண்ணுமே தெரியல. பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி இருக்கு, உடம்பு பூரா." சொல்லிவிட்டு மடிக்கத் தொடங்கினார். எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

அவர் மகளுக்கு இருபத்துமூன்று வயது. என்னைவிடக் கோபக்காரி. ஒரு சிமென்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. நாலு மணி நேரப் பயணம். அம்மாவின் காரை எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னாள். அத்தான் தலையாட்டினார்.

"ஏர் ஃபில்டர் மாத்தணும்ப்பா. நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க."

"பழசைக் கழட்டிக் கொண்டு வா" என்றார்.

அவள் முகம் செத்துவிட்டது. என்னிடம் சமையலறையில் வந்து சொன்னாள். "என்கிட்டயும் கஸ்டமர் பேச்சு. அம்மா கார் சித்தி அது. எறங்கிப் போய் ஒரு தடவை தொட்டுப் பாக்கக்கூட அவருக்குத் தோணல. நான் போனா போனதுதான். திரும்பி வரமாட்டேன். நான் இருந்தாலும் இல்லைன்னாலும் அவருக்கு ஒண்ணுதான்."

"அப்படிச் சொல்லாதேடி" என்றேன் ஒப்புக்கு. அவள் சொன்னால் செய்கிறவள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான், அவருக்கும் அவ்வளவுதான். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் ஒரு மனிதரும் ஒரு டிவியும் மிச்சம்.

திங்கட்கிழமை சாயங்காலம் அத்தான் கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். அலமாரி மேல் வைத்தார். பழசைப் பார்க்காமலே எடுத்து வந்திருக்கிறாரே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கீழே இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமையே மகள் ஒரு ஆளைக் கூட்டி வந்து காருக்குப் புது பாட்டரி போட்டிருந்தாள். மகளின் பெட்டிகள் பின்சீட்டில் ஏறின. அத்தான் உறையை உருவி மடித்து ஓரமாக வைத்தார். பானட்டைத் திறந்தார். கறுப்புப் பெட்டியின் நாலு கிளிப்பை நீக்கிப் பழைய ஃபில்டரை வெளியே எடுத்தார். அதன் விளிம்பில் ஒரு சின்ன வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ரத்தம் எடுக்கும் குழாயில் அக்கா ஒட்டுகிற அதே தாள். தேதி, நேரம், எத்தனை கிலோமீட்டர் என்று மூன்று வரி.

"அம்மா எழுத்து" என்றாள் மகள். "அம்மா ஏன் இதுல எழுதியிருக்காங்க?"

என்னால் அடக்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒருநாள் கேட்க வேண்டும் என்று பதினோரு மாதமாக வைத்திருந்ததைக் கொட்டினேன். "ஏன்னா உங்கப்பா மாத்தல! ஊர்ல இருக்கிற டாக்ஸிக்கெல்லாம் மாத்துவாரு. பொண்டாட்டி வண்டிக்கு அஞ்சு வருஷமா தொட்டுக்கூடப் பாக்கல. உங்கம்மாதான் திருட்டுத்தனமா அவர் கடையில போய் வாங்கி, அவளே மாட்டிக்கிட்டா. நான்தான் கூடப் போனேன். இது அவருக்குத் தெரியவே தெரியாது."

"தெரியும்" என்றார் அத்தான்.



"முதல் தடவையே தெரியும். பேருதான் பிரேக்கு, அவன் வாய்க்கு ஏது பிரேக்கு? மறுநாளே சொல்லிட்டான்." ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே பேசினார். கடையில் அளவு சொல்கிற அதே குரல். "அவ போட்டுட்டுப் போன பழசை என் மேஜைக்கு அடியில வச்சிருந்தான். எடுத்துப் பாத்தேன். ஒரே பஞ்சு. மெத்தைக்கடைத் தெருவுக்கு அவ நிறையப் போறான்னு தெரிஞ்சுது. அதுக்கு ஏத்த மாதிரி அடுத்த வருஷத்துக்கு ஒண்ணு பொறுக்கி எடுத்து, இது அவ வந்தா குடுக்கணும்னு பிரேக்குகிட்ட வச்சிட்டேன். அதுக்கடுத்த வருஷம் செங்கல் பொடி. வீடு கட்டுற பக்கம் போயிருக்கா. இப்படித்தான். அவ எங்கெங்க போனான்னு அவளைக் கேக்கறதில்ல. புதன்கிழமை பாத்துக்குவேன்."

"அப்ப அவகிட்ட ஏன் சொல்லல?" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"முதல்ல என் சோம்பேறித்தனம்தான். அது தப்பு. அப்புறம், அன்னைக்கு அவ வீட்டுக்கு வந்தப்ப மூஞ்சி அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. என்னை ஏமாத்திட்டாளாம். அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மகள் குனிந்தாள். கீழே வைத்திருந்த புதுப் பெட்டியைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுத்தாள். அப்பனுக்குப் பிறந்தவள், அவளுக்கும் கொஞ்சம் தெரியும். வெறும் காகிதம். தூசு அதிகமான இடத்துக்கென்று மேலே வைக்கிற பஞ்சுப் படலம் கிடையாது.

"சிமென்ட் ஆலைக்கு இது போதுமாப்பா? அங்க மரத்து இலையெல்லாம் வெள்ளையா இருக்கு."

அத்தான் நிமிர்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் யாரையும் ரோட்டைக் கேட்காமல் ஒரு ஃபில்டர் கொடுத்ததில்லை அவர். பெற்ற பெண்ணைக் கேட்கவில்லை.

"இது உனக்கு எடுத்ததில்லம்மா" என்றார்.

"பின்ன?"

"போன மாசம் அவ மாத்துற மாசம். கை தானா ஒண்ணை எடுத்துப் பிரேக்குகிட்ட வச்சிடுச்சு. அவனும் வாங்கி வச்சுக்கிட்டான், ஒண்ணும் சொல்லல. செவ்வாய்க்கிழமை லீவு. புதன்கிழமை போய் மேஜைக்கு அடியில குனிஞ்சு பாத்தேன். பழசு இல்ல. பிரேக்குகிட்ட போய்ப் பாத்தேன். புதுசு அப்படியே இருந்துச்சு." கையிலிருந்த பழசைக் கீழே வைத்தார். "அவ வரல. அப்பதான் அவ இல்லைன்னு தெரிஞ்சுது. அதுவரைக்கும் தெரியல."

கீழ்த்தளத்தில் எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒருவரையொருவர் இப்படி ஐந்து வருஷம் ஏமாற்றிக்கொண்டு நன்றாக வாழ்ந்திருக்கிறார்கள். கூடவே போய்ப் பழச்சாறு குடித்த எனக்குத் தெரியவில்லை.

"குடு, கடை தொறந்துருக்கும். பஞ்சு வச்சது ஒண்ணு மாத்தி எடுத்துட்டு வரேன். அரை மணி நேரம்" என்று கையை நீட்டினார்.

மகள் ஃபில்டரைத் தரவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இதைப் போட்டா என்னப்பா ஆகும்? இன்ஜின் கெடுமா?"

"கெடாது. சீக்கிரம் அடைச்சுக்கும். வண்டி இழுக்காது."

"எத்தனை நாள் தாங்கும்?"

மடிப்பை விரலால் நிரடினார். மனதுக்குள் கணக்குப் போட்டார். "மூணு வாரம். மூணு வாரம் தாராளமா தாங்கும்."

"அப்ப இதையே போடுங்க. மூணு வாரத்துல வரேன். நீங்க மாத்தி விடுங்க."

அவர் ஃபில்டரை வாங்கிப் பெட்டிக்குள் இறக்கினார். விளிம்பைச் சுற்றிலும் அமுக்கினார். மூன்று கிளிப் விழுந்தது. நாலாவது இரண்டு தடவை அமுக்கியும் விழவில்லை. மகள் பக்கத்தில் வந்து அவர் கைமேல் கை வைத்து அமுக்கினாள். பதினோரு மாதத்தில் அந்த இரண்டு பேரும் தொட்டுக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

கார் கிளம்பியது. வாசல்வரை ஊர்ந்து போனதை அத்தான் பின்னாலேயே நடந்து போய் நிறுத்தினார். கண்ணாடி இறங்கியது.

"ரெண்டு வாரம்னு வச்சுக்கோ" என்றார். "தூசு ஜாஸ்தி. மூணு வாரமெல்லாம் தாங்காது."

தொழிலில் அவர் ஒரு தடவை சொன்ன அளவை மாற்றி நான் கேட்டதே இல்லை. மகள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரிப்பா" என்றாள். "ரெண்டு வாரம்."