ஊசிக்குள் இருந்தது

கிண்ணியாவில் என் மதினி றுக்கியாவைப்போல சுத்தம் பார்க்கிற மனுசி இல்லை. பேரப்பிள்ளை மடியில் மூத்திரம் பெய்தால் குளித்து, உடுப்பு மாற்றி, பிறகுதான் தொழுவாள்.

இளைய மகளின் கலியாணத்துக்கு மெலிய வேண்டுமென்று டவுனில் ஒரு கிளினிக்கில் ஹோர்மோன் ஊசி போடத் தொடங்கினாள். நாள் முழுக்க அவித்த மீன் ஒரு துண்டும் வெள்ளரிக்காயும்தான் சாப்பாடு. கன்னம் ஒட்டிப்போனது. சனம் ஊசியைத்தான் புகழ்ந்தது.

நேற்று நானும் கூடப் போனேன். அந்த மருந்தை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று தாதியிடம் கேட்டேன்.

"கர்ப்பிணிகளின்ர மூத்திரத்தில இருந்து, அக்கா."

றுக்கியா வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது.

"பட்டினி போட்டா மாடும் மெலியும். அதுக்கு இந்த மூத்திரம் எதுக்கு?" என்றேன்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"கலியாணத்துக்கு ஒரு கிழமைதானே இருக்கு, மதினி. ஊசியைப் போட்டுட்டு வீட்ட போய்க் குளிக்கிறன்."