நகைக்கடை வீட்டில் இரட்டைக் குழந்தைகள்

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். அக்கா, அண்ணன், நான். மூவருக்கும் ரத்தினங்களின் பேர். கண்டமங்கலம் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பயிரிட்டுக் காலம் தள்ளிய எங்கள் அப்பா, அசல் ரத்தினத்தைக் கடைக்கு வெளியே நின்றுகூடப் பார்த்தவர் இல்லை. அக்கா பிறந்தபோது யார் பேச்சையோ கேட்டு அந்தப் பேரை வைத்தார். அண்ணன் பிறந்ததும் அதற்கு ஜோடியாக இன்னொன்றைத் தேடினார். என் முறை வருவதற்குள் நல்ல கற்களெல்லாம் தீர்ந்துவிட்டன. மிச்சமிருந்த ஒன்றை என் தலையில் கட்டினார். பள்ளிக்கூடத்தில் எங்களை நகைக்கடை என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தக் கிண்டலில் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. மூன்று பேரையும் சேர்த்துச் சொன்னால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யாருக்கும் விளங்கும், அவ்வளவுதான். அக்கா மட்டும் அதைக் குடும்பப் பெருமையாக நினைத்தாள். மண்டகப்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும், தம்பிகளுக்குக் குழந்தை பிறந்தால் கல்லின் பேர்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அண்ணனுக்கு நாற்பதைத் தாண்டித்தான் ஆயிற்று.

அண்ணி மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். முதல் கணவர் மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போய்விட்டார். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடவே ஆறு வயதில் ஒரு பெண்ணும் வந்தாள். அவள் பேர் ஒரு நட்சத்திரத்தின் பேர்; அவளைப் பெற்றவர் வைத்தது. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அண்ணன் விடிகாலை பஸ்ஸில் புதுச்சேரி கம்பெனிக்குப் போய் இருட்டிய பின் வீடு திரும்புகிறவன். அவன் காதில் எதுவும் விழவில்லை, விழுந்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்து விழுப்புரத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஓர் ஆண், ஒரு பெண். எங்கள் வீட்டில் பேர் வைக்கும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை பேரைச் சொல்வது அத்தையின் உரிமை. அக்கா, மகனைச் செல்போனில் தேடச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு வரும்போதே இரண்டு ரத்தினங்களோடு வந்துவிட்டாள். அதோடு நிற்காமல் மூன்றாவதாக ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். அது அண்ணியோடு வந்த பெரியவளுக்கு.

அக்கா கெட்டவள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் இருந்தால் பார்க்கிறவர்கள் அந்தப் பெண்ணைப் பிரித்துத்தான் பேசுவார்கள், அவளுக்கும் நம் வீட்டுப் பேரை வைத்துவிட்டால் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது என்று நினைத்தாள். பேர் வைக்கும் அன்று அவள் காதிலும் சொல்லிவிடலாம் என்றாள். அண்ணி சரியென்று தலையை ஆட்டினார். இந்த வீட்டில் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை என்று அவராகவே வைத்துக்கொண்டிருந்த கட்டுப்பாடு அது. எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் குடும்பப் பஞ்சாயத்து என்றால் நான் எப்போதும் வாசல் பக்கம் நிற்கிற ஆள்.

அன்றிலிருந்தே அக்கா புதுப் பேரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள், பழகட்டும் என்று. அந்தப் பெண் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. கூப்பிட்டால் வந்தாள். வேறு யாரையோ கூப்பிட்டதற்குத் தான் வந்துவிட்டது போல ஒரு தயக்கத்தோடு வந்து நின்றாள்.

திண்டிவனத்தில் நான் வேலை செய்யும் உரக்கடைக்கு ஞாயிறு விடுமுறை. அப்படி ஒரு ஞாயிறு வீட்டு வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, ஸ்கூல்ல மட்டும் பழைய பேரே இருக்கட்டுமா? வூட்ல அத்தை கூப்ட்டா நான் வந்துர்றேன்."

பாதி முறுக்கை நாளைக்கு எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்பது போலக் கேட்டாள். எட்டு வயதில் இவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. அண்ணனிடம் போய் அவள் கேட்டதை அப்படியே சொன்னேன். சட்டைக்குப் பட்டன் போட்டபடி கேட்டுக்கொண்டான். அன்று மாலை அவளை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டு வந்தான்.

பேர் வைக்கும் நாள் வந்தது. அக்கா ஆண் குழந்தையை மடியில் போட்டு, சர்க்கரைத் தண்ணீரை உதட்டில் தொட்டு வைத்துவிட்டுக் காதருகே குனிந்தாள். அண்ணன் அவளை நிறுத்தி இரண்டு பேர்களைச் சொன்னான். இரண்டும் நட்சத்திரங்கள். குழந்தைகள் பிறந்த நட்சத்திரம் இதெல்லாம் இல்லையே, பின்னால் ஜோசியருக்கே குழப்பம் வருமே என்று வந்திருந்தவர்களில் ஒருவர் கவலைப்பட்டார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டு வழக்கத்தை மாற்ற நீ யார் என்று கேட்டாள்.

"வழக்கப்படிதான்க்கா சொல்றேன். உன் பேரை ஒட்டித்தான எனக்கும் தம்பிக்கும் வெச்சாரு அப்பா? இங்க மூத்தது அவ."

அக்கா தோற்றதை லேசில் ஒப்புக்கொள்கிறவள் இல்லை. ஆனால் அவளும் மூத்தவள். குனிந்து அந்தப் பேரை மூன்று முறை சொன்னாள். அடுத்த குழந்தையை வாங்கி அதற்கும் சொன்னாள்.

இந்தப் பேர்களை எங்கே பிடித்தாய் என்று அண்ணனைக் கேட்டேன். பெரியவளைக் கைகாட்டினான்.

"நான்தான் சொன்னேன். எங்கப்பா கரையில நின்னுக்கினு வானத்துல காட்டுவாரு. எனக்குப் பக்கத்துலயே தம்பி இருக்கும். பாப்பா கொஞ்சம் தள்ளி."

அண்ணி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, எல்லார் முன்னாலும், வாய்விட்டு அழுதார்.