காதால் பார்த்த படம்

எங்கள் ஊர் நடிக்காத கிரகம் இல்லை. செவ்வாயாக நாற்பது தடவை, பேர் தெரியாத கோள்களாக நூறு தடவை நடித்திருக்கிறது. பூமியாக நடிக்கத்தான் யாரும் கூப்பிட்டதில்லை. சரி, நாற்பது என்பது கொஞ்சம் அதிகம். எல்லாம் சேர்ந்தே ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். ஆனால் மரம் மட்டை இல்லாத இந்தப் பாலைவனச் செம்மண்ணையும், ஓப்பல் என்கிற வண்ணக்கல்லைத் தோண்டியவர்கள் கொட்டிவிட்டுப் போன வெளிறிய மண் கூம்புகளையும் பார்க்கிற சினிமாக்காரர்களுக்கு ராக்கெட் ஞாபகம்தான் வருகிறது. அதில் பொய்யில்லை.

இந்த ஊரில் படங்களுக்குத் தீர்ப்புச் சொல்கிறவள் நெவென்கா. குரோவேஷியாவிலிருந்து புருஷனோடு ஓப்பல் தோண்ட வந்தவள். அவன் போன பிறகு கல்லுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்தாள். சனிக்கிழமை சாயங்காலங்களில், காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற எங்கள் திறந்தவெளிக் கொட்டகையில் கொத்துக்கறியை உருட்டிச் செவாப்பி சுட்டு விற்பாள். படத்தின் சத்தம் அவரவர் கார் ரேடியோவில் வரும். படம் முடிந்ததும் நெவென்கா மைக்கைப் பிடிப்பாள்; அவள் குரலும் அதே ரேடியோக்களில்தான் கேட்கும். அவள் வாயைத் திறக்காமல் ஒரு காரும் கிளம்பாது.

தீர்ப்பு இரண்டே வகை. ‘முழுக்கல்’ என்றால் அடிவரை ஓப்பல். ‘டப்ளெட்’ என்றால் மேலே சீவலாக ஓப்பல், கீழே கறுப்புக் கல், நடுவில் பசை. பார்க்கக் கண்ணைப் பறிக்கும். தண்ணீரில் ஊறினால் பிரிந்துவிடும். விண்வெளிப் படங்கள் முக்கால்வாசி டப்ளெட் என்பது அவள் கட்சி. கப்பல் வந்து இறங்குகிற அழகில் மூச்சு நின்றுபோகும், இறங்கியவர்கள் பேச ஆரம்பித்ததும் மூச்சு திரும்பி வந்துவிடும் என்பாள்.

போன வருஷம் எங்கள் மண்ணில் எடுத்த படத்தை, வேறெங்கும் காட்டுவதற்கு முன்னால் எங்களுக்குக் காட்டவேண்டும் என்று டீகன் கொண்டுவந்தாள். சிட்னிப் பெண். இதுதான் அவள் இயக்கிய முதல் படம். நேரே நெவென்காவின் அடுப்புக்கு வந்து நின்றாள்.

“ஊர்ல எல்லாரும் அவங்கவங்க மூஞ்சி எங்க வருதுன்னுதான் பாப்பாங்க. நீங்க ஒருத்தராவது படத்தைப் பாருங்க. நல்லாயில்லேன்னா நல்லாயில்லேன்னே சொல்லுங்க.”

நெவென்கா நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தாள். அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தீர்ப்புக்குச் சிரிப்பார்கள், ஹார்ன் அடிப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு ஊர் முழுக்கத் திரண்டுவிட்டது. படம் ஆரம்பித்த பிறகும் அடுப்பு முன்னால் வரிசை குறையவில்லை. திரை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. போகட்டும், அடுப்போரம் பாட்டரி ரேடியோ இருக்கிறதே என்று நெவென்கா நினைத்தாள். இத்தனை வருஷமாகக் காதை வைத்தே பாதிப் படங்களை எடை போட்டவள் அவள். நடுவில் ஒரு இடத்தில் ரேடியோ ஊமையாகிவிட்டது. பாட்டரி போயிற்று என்று இரண்டு தட்டுத் தட்டினாள், வரவில்லை. அந்த நேரத்தில் செவாப்பியைப் புரட்டிப் போட்டாள். அப்புறம் அதுவாகவே பேச ஆரம்பித்தது.

படம் முடிந்தது. மைக்கை எடுத்தாள்.

“டப்ளெட்,” என்றாள். “நம்ம மண்ணு இவ்வளவு அழகா எந்தப் படத்துலயும் இருந்ததில்ல. ஆனா பேச்செல்லாம் பசை. தாகத்துல சாகக் கிடக்கிற பொண்ணு, இருக்கிற தண்ணியைக் குழி ஓரத்துல வச்சுட்டுப் போறாளாம். ஏன்? கேட்டா சூரியன் அழகா மறையுதாம்.”

ஹார்ன்கள் பிளிறின. நெவென்காவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

டீகன் வந்தாள். கூடவே கோஸ்டாவும் இன்னொரு தட்டுக்காக வந்து நின்றான். கிரேக்கக் கிழவன், படத்தில் பிணமாக நடித்தவன். டீகனுக்குக் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பேச்சு வலுவில்லாததை அவளே ஒப்புக்கொண்டாள், பலபேர் திருத்தித் திருத்தி வீணாக்கியதாம். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அந்தத் தண்ணி விஷயம் மட்டும்... அது புரியவே இல்லையா?”

“எப்படிப் புரியும்? யாருமே சொல்லலையே.”

கோஸ்டா வெங்காயத்தை மென்றபடி திரும்பினான். “குழிக்குள்ளேர்ந்து ஒரு பிஞ்சுக் கை வந்துச்சே, நெவென்கா. அதுக்குத்தானே வச்சுட்டுப் போறா. காத்துச் சத்தம்கூட இல்லாம எவ்வளவு நேரம் காட்டினாங்க. நானே மெல்லுறதை நிறுத்திட்டேன். நீ பாக்கல?”

நெவென்கா ரேடியோவைப் பார்த்தாள். இரண்டு தட்டுத் தட்டிய கை அவளுக்குச் சுட்டது. படம் முழுக்க டீகன் கண்ணை நம்பி எடுத்த ஒரே இடம் அதுதான். அந்த இடத்தில் இவள் கறி புரட்டிக்கொண்டிருந்தாள். டீகனும் ரேடியோவைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள், பிறகு அடுப்பை. செவாப்பிக்கு நன்றி சொல்லிவிட்டுத் தன் காருக்குப் போய்விட்டாள்.

சீவல் என்றாலும் டப்ளெட்டின் மேலே ஒட்டியிருப்பது அசல் ஓப்பல். பட்டை தீட்டுகிற நெவென்காவுக்கு அதை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. அடுப்பை அணைக்கக்கூட மறந்து, காது மடல் சிவக்க, மைக்கிடம் போனாள்.

“பேசுற இடத்துல இந்தப் படம் பசைதான். பேசாத இடத்தைப் பத்தி நான் சொல்லக்கூடாது. நான் பாக்கல. பாக்காமலேதான் தீர்ப்புச் சொன்னேன்.”

அவள் சொல்லி முடித்ததும் அத்தனை கார்களும் விளக்கைப் போட்டு, பாலைவனமே அதிர ஹார்ன் அடித்தன.

இதுவரை எழுதியதை நான் வாசித்துக் காட்டியபோது பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நெவென்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஹார்னெல்லாம் யாரும் அடிக்கல. நான் மைக்கை எடுக்கறதுக்குள்ள எல்லாக் காரும் போயாச்சு. டீகன் கார் ஒண்ணுதான் நின்னுச்சு. அதுல ரேடியோ ஓடிச்சான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது.”