அதுக்காவது வானம் தெரியட்டும்
விஸ்கான்சினில் பால் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற வெர்லின், எட்டு வருடமாகக் கராஜில் ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருந்தார். அதன் முதுகுத் தகட்டுக்கு அவர் மேலிருந்து ரிவெட் ஆணி அடிக்க, உள்ளே மல்லாந்து படுத்து இரும்புக்கட்டையை முட்டுக்கொடுத்தவர் மனைவி லோர்னா. அந்தத் தகட்டில் துளை போட மனம் வராமல், அதன்மேல் வெளியே பொருத்த வேண்டிய ஜிபிஎஸ் ஆன்டெனாவை எஞ்சின் மூடிக்குள் ஒளித்து வைத்தார் வெர்லின். கார்பன் இழையில் செய்த மூடி சிக்னலை விடுமா? திரையில் ஒரு செயற்கைக்கோள்கூட வரவில்லை.

"அட கிழவா, முதுகுலயே துளை போடேன்," என்றார் லோர்னா.

"நீ முட்டுக்கொடுத்த தகடு லோர்னா. கை வரமாட்டேங்குது."

லோர்னா டிரில்லைப் பிடுங்கிக்கொண்டார்.

"எட்டு வருஷமா உள்ள படுத்து இருட்டையே பாத்தவ சொல்றேன். அதுக்காவது வானம் தெரியட்டும்!"