காளியாத்தாளின் கைராசி

கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் பதியம் போட வேண்டுமென்றாலும் காளியாத்தாளைத்தான் கூப்பிடுவார்கள். கொய்யாக் கிளையில் வளையமாகத் தோலைச் சீவி, ஈரமண் அப்பி, பாலிதீன் தாளைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனால், இரண்டு மாதத்தில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். கைராசிக்காரி என்று பெயர். அந்தப் பெயர்தான் அவளுக்குச் சோறு போட்டது.

தொண்ணூற்று மூன்றில், ஊரில் தோட்டம் வைத்திருந்த குமாரசாமி தாளவாடி மலைப்பக்கம் ஒரு பள்ளத்துக் காடு வாங்கினார். அதில் கொய்யா வைக்க வேண்டும். கடையில் விற்கிற கொய்யா ஆகாதாம். அவருடைய அப்பா கிணற்றடியில் வைத்த, நாற்பது வயதைத் தாண்டிய மரத்தின் கிளைதான் மலையேற வேண்டுமாம். காளியாத்தாள் பதியம் போட்டாள். வேர்விட்ட செடிகளைப் பையில் மாற்றும்போது பார்த்தால், முழ உயரம்கூட இல்லாதது எல்லாம் மொட்டு விட்டிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. கிழட்டு மரத்துக் கிளை செடியானாலும் கிழம்தான், வேரை விட்டுவிட்டுப் பூவுக்கு ஓடுகிறது, ஆணிவேரும் கிடையாது, மலைப்பனிக்கு நிற்குமா என்று சந்தேகமாக இருக்கிறது என்று சொன்னாள். இளம் மரத்துப் பழத்தில் விதையெடுத்து நாற்று விடலாம் என்றும் சொல்லிப் பார்த்தாள். விதைக் கன்றில் எங்கப்பன் மரத்து ருசி வருமா என்று குமாரசாமி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ருசி பார்க்கச் செடி உயிரோடு இருக்க வேண்டாமா?

தை மாதம் பள்ளத்தில் பனி இறங்கியது. பூவும் தளிருமாக நின்ற செடிகள் வெந்நீர் ஊற்றினாற்போல் கருகிப் போயின. மலையிலிருந்து இறங்கிய மனிதர் டீக்கடையில் உட்கார்ந்து, காளியாத்தாளுக்குக் கைராசி போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். பனியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மரத்தின் வயதையும் கேட்கவில்லை. இத்தனை வருடம் அவள் கை தொட்ட கிளையெல்லாம் காய்த்ததைத் தின்றவர்கள், தென்னங்கன்று நடக்கூட அவளைக் கூப்பிடாமல் விட்டார்கள். என்ன ஊரோ, என்ன நன்றியோ!

வயிற்றுப்பாட்டுக்கு அவள் கந்தப்பன் நர்சரியில் பையில் மண் நிரப்பப் போனாள். இளம் மரத்துக் கொய்யா விதையில் அங்கே அவள் வளர்த்த நாற்றுகளைத்தான் அடுத்த வருடம் குமாரசாமி மலைக்காட்டுக்கு வாங்கினார். யார் வளர்த்தது என்று அவர் கேட்கவில்லை. அந்த வருடப் பனியில் நுனி இலை மட்டும் தீய்ந்தது, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. உடனே ஊரெல்லாம் பேச்சு. அவர் மனைவி தெய்வாத்தாள் முதல் கன்றை நட்டாளாம், அவள் கைராசியாம்.

பிறகு ஒருநாள் கீழ்த் தோட்டத்துக்குப் பதியம் போட வேண்டுமென்று காளியாத்தாளுக்கு ஆள் விட்டார். பழைய பேச்சை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று அவள் சந்தோஷமாகத்தான் போனாள். கிணற்றடி மரத்தில் கத்தியை வைத்த நேரம் குமாரசாமி தடுத்தார்.

"பொறு அம்மணி. நீ சீவு, மொதக் கட்டு மட்டும் தெய்வாத்தா கட்டட்டும். அவ கைராசியிலதான் மலையில பொழச்சுது."

காளியாத்தாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்தா என்ற கை, பொழச்சா உங்க ஊட்டுக்காரம்மா கையிங்களா? அந்த நாத்தை வெதை போட்டு வளத்துனவ நானுங்க."

தெய்வாத்தாளுக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் எந்தக் கன்னும் நடலீங்க. முட்டி வலின்னு வண்டியிலயே உக்காந்திருந்தேன். இவருதான் சொல்லிக்கிட்டுத் திரியறாரு."

குமாரசாமி தொண்டையைக் கனைத்தார். அதையெல்லாம் இப்போது எதற்கு, வேலையைப் பார் என்றார்.

காளியாத்தாள் கத்தியை மடக்கி இடுப்பில் செருகினாள். "டீக்கடையில சொன்னீங்கல்லங்க, எனக்குக் கைராசி இல்லைன்னு? அதே டீக்கடையில மாத்திச் சொல்லிப்போடுங்க. அப்பறம் வாரேன்."

டீக்கடைக்கு அவர் தினமும் போனார். அதை மட்டும் சொல்லவில்லை. காளியாத்தாளும் அந்தத் தோட்டத்துப் பக்கம் போகவே இல்லை.